நான்கு ஊர், ஒரு சதுரம்: வளையமா, குறுக்கா, கவையா? நெடுஞ்சாலை வலையமைப்பின் வரவு செலவுக் கணக்கு

(இது ஐந்து பேரின் உரையாடல். சமதளம், அளவுகோல், ஜல்லிமேடு, எதிர்வழி, மதகு என்பவை பேசுகிறவர்களின் புனைபெயர்கள்.)

சமதளம்

ஒரு வட்டாரத்தில் நான்கு நகரங்கள். 40 கி.மீ. பக்கமுள்ள சதுரத்தின் நான்கு மூலைகளில் அவை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடையில் மலை இல்லை, பெரிய ஆறும் இல்லை. இவற்றை இணைக்கும் நெடுஞ்சாலைகளை எப்படி வரைவது என்பதுதான் கேள்வி. நீளக் கணக்கு மட்டும் போட்டிருக்கிறேன்:

ப வடிவம் (மூன்று பக்கம் மட்டும்): 120 கி.மீ.
வளையம் (நான்கு பக்கமும்): 160 கி.மீ.
குறுக்கு (இரண்டு மூலைவிட்டங்கள், நடுவில் ஒரு சந்திப்பு): 113.1 கி.மீ.
இரட்டைக் கவை (இரண்டு முச்சந்திகள், கைகள் 120 பாகைக் கோணத்தில், நடுவே ஓர் இணைப்பு): 109.3 கி.மீ.
வளையமும் குறுக்கும் சேர்த்து: 273.1 கி.மீ.

நான்கு புள்ளிகளையும் இணைக்க இரட்டைக் கவையைவிடக் குறைந்த நீளம் கிடையாது, அது வடிவியல் உண்மை. அப்படியானால் அதுவே மலிவு என்று முடிவுகட்டலாமா? சாலை போடும் செலவு, ஓட்டுகிறவர்களின் செலவு இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எப்படி எடை போடுவது?

அளவுகோல்

நீளம் என்பது சாலை போடுகிறவரின் செலவு மட்டும்தான். ஓட்டுகிறவரின் செலவுக்குப் பயணத் தூரத்தைப் பார்க்க வேண்டும். நான்கு ஊருக்கு ஆறு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் நாளைக்கு 2,000 வாகனம், மொத்தம் 12,000 என்று வைத்தால் சராசரிப் பயணத் தூரம் இப்படி வரும்:

ப வடிவம் 66.7 கி.மீ.
வளையம் 53.3
குறுக்கு 56.6
கவை 57.5
எல்லாம் சேர்ந்தது 45.5

ப வடிவத்தை இங்கேயே ஒதுக்கிவிடலாம். குறுக்கைவிட 7 கி.மீ. கூடுதலாகப் போட்டும் எல்லாரையும் சராசரியாக 10 கி.மீ. அதிகம் அலைய விடுகிறது. கவையும் குறுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 3.8 கி.மீ. சாலை மிச்சம், அதற்குப் பதில் தினமும் சுமார் 10,700 வாகன-கி.மீ. (ஒரு வாகனம் ஒரு கி.மீ. ஓடினால் ஒன்று) கூடுதல் ஓட்டம். உண்மையான போட்டி வளையத்துக்கும் குறுக்குக்கும் இடையில்தான்.

ஜல்லிமேடு

ஒரு கி.மீ. என்பது எல்லா இடத்திலும் ஒரே கி.மீ. இல்லை சார். எந்தத் துண்டில் எத்தனை வாகனம் என்று பாருங்கள். அதே 12,000 பயணத்துக்கு வளையத்தில் ஒவ்வொரு பக்கமும் 4,000 வாகனம் சுமக்கும். குறுக்கில் ஒவ்வொரு கையும் 6,000. கவையில் கைகள் 6,000, நடு இணைப்பு 8,000.

ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்ச்சி என்றால் 20 ஆண்டில் எல்லாம் 2.65 மடங்கு. கவையின் நடு இணைப்பு 21,200-ஐத் தொடும். உச்ச மணி நேரத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு. கால்வாசி லாரி, ஒரு லாரி இரண்டரைக் காருக்குச் சமம் என்று வைத்தால் மணிக்குச் சுமார் 2,900 கார். சமதளத்தில் இருவழிச் சாலையின் கொள்ளளவு இரு திசையும் சேர்த்தே 3,200 கார் அளவில்தான். அதற்கு வெகு முன்பே முந்த இடமில்லாமல் லாரிக்குப் பின்னால் வரிசை கட்டத் தொடங்கிவிடும். அதே கணக்கில் குறுக்கின் கை 2,190, வளையம் 1,460. ஆக நீளத்தில் சிக்கனமான வடிவம்தான் முதலில் நான்கு வழியாக வேண்டிவரும். அந்த 17 கி.மீ.க்கு நான்கு வழிக்கான நிலத்தை முதல் நாளே எடுத்து வைக்காவிட்டால், பின்னால் இரு பக்கமும் கட்டடம் எழும்பிய நிலத்தை வாங்க வேண்டியிருக்கும்.

இதில் எதிர்த்திசையில் வேலை செய்யும் ஒரு விஷயமும் உண்டு. தளத்தின் தேய்மானம் அச்சுச் சுமையின் (ஒரு சக்கர அச்சு தரையில் ஏற்றும் எடை) நான்காம் அடுக்கை ஒட்டிப் போகும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் ஒட்டாவா என்ற ஊரில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து வந்த விதி இது. 8.16 டன் அச்சை 1 என்று கொண்டால் 10 டன் அச்சு 2.26, 12 டன் அச்சு 4.7. காரின் அச்சு கணக்கிலேயே வராது. ஆனால் மொத்தச் சுமை இரண்டு மடங்கானால் தடிமனும் இரண்டு மடங்காக வேண்டியதில்லை, சுமார் 8 முதல் 10 விழுக்காடு கூட்டினால் போதும். எனவே லாரிகளை ஒரு சாலையில் குவித்து அதைக் கெட்டியாகப் போடுவது, நான்கு சாலைகளில் பரப்பி நான்கையும் நடுத்தரமாகப் போடுவதைவிட மலிவு. வளையத்தில் லாரி எந்தப் பக்கமும் வரும், 160 கி.மீ.யும் லாரிக்குத் தாங்கியாக வேண்டும்.

சமதளம்

புரிகிறது. ஆனால் இதெல்லாம் வெவ்வேறு அலகுகளில் நிற்கிறதே. ஒரே எண்ணாக்க முடியுமா? பணத்தின் மதிப்பு இடத்துக்கு இடம் மாறும். அதைத் தொடாமல் சொல்ல முடிந்தால் நல்லது.

அளவுகோல்

முடியும். ஒரு கி.மீ. இருவழிச் சாலையின் கட்டுமானச் செலவை 1 அலகு என்று வையுங்கள். குறுக்கின் நடுவே மேம்பாலச் சந்திப்புக்கு 12 அலகு என்பது என் அனுமானம், வேறு எண் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. கட்டுமானம்: வளையம் 160, குறுக்கு 125.1. வித்தியாசம் 34.9 அலகு.

2. இதை ஆண்டுச் செலவாக்க 30 ஆண்டு ஆயுள், 8 விழுக்காடு தள்ளுபடி விகிதத்துக்கு (வருங்காலப் பணத்தை ஆண்டுக்கு இவ்வளவு என்று குறைத்து மதிப்பிடும் விகிதம்) 0.0888-ஆல் பெருக்க வேண்டும். 3.10 அலகு. 12 விழுக்காடு என்றால் பெருக்கி 0.1241, ஆண்டுக்கு 4.33.

3. பராமரிப்பு ஆண்டுக்குக் கட்டுமானத்தில் 2 விழுக்காடு என்று கொண்டால், கூடுதல் 46.9 கி.மீ.க்கு 0.94 அலகு.

4. ஆக வளையத்துக்காக ஆண்டுதோறும் கூடுதலாகக் கொடுப்பது 4.04 அலகு.

5. பதிலுக்குக் கிடைப்பது: நாளைக்கு 38,800 வாகன-கி.மீ. குறைவு. ஆண்டுக்கு 1.42 கோடி.

1.42 கோடியை 4.04-ஆல் வகுத்தால் 35 லட்சம். அதாவது, ஒரு கி.மீ. சாலை போடும் செலவு 35 லட்சம் வாகன-கி.மீ. ஓட்டும் செலவைவிடக் (எரிபொருள், தேய்மானம், ஓட்டுநரின் நேரம் எல்லாம் சேர்த்து) குறைவாக இருந்தால் வளையம் வெல்லும். கூடுதலாக இருந்தால் குறுக்கு. 12 விழுக்காட்டில் அந்த வரம்பு 27 லட்சமாக இறங்கும். இந்த இரண்டு செலவுகளும் எந்த நாட்டிலும் தெரிந்திருக்கும், வகுத்துப் பார்த்தால் போதும்.

எதிர்வழி

கணக்கு சரி. தொடங்கிய இடம் தவறு. ஆறு ஜோடிக்கும் 2,000 என்று சமமாகப் பிரித்ததைத்தான் சொல்கிறேன். பக்கத்து ஊருக்குப் போகிறவர்களும் தூரத்து ஊருக்குப் போகிறவர்களும் ஒரே எண்ணிக்கையில் இருக்க மாட்டார்கள். பயணம் தூரத்தின் இருபடிக்கு ஏற்பக் குறைவதாக ஈர்ப்பு மாதிரியில் வைத்தால், 40 கி.மீ.க்கும் 56.6 கி.மீ.க்கும் சரியாக 2-க்கு 1 என்ற விகிதம் வரும். அதே 12,000-ஐ அப்படிப் பிரித்தால் பக்கத்து ஜோடிகளுக்குத் தலா 2,400, மூலைவிட்ட ஜோடிகளுக்குத் தலா 1,200.

வளையத்தில் மொத்த ஓட்டம் 5,76,000 வாகன-கி.மீ. குறுக்கில் மாறாமல் 6,78,800. சேமிப்பு 38,800 இல்லை, 1,02,800. வரம்பு 35 லட்சத்திலிருந்து 93 லட்சத்துக்குத் தாவிவிடுகிறது.

தள்ளுபடி விகிதம் 8-ஆ 12-ஆ என்று மாதக்கணக்கில் வாதிடுவார்கள். அது பதிலைக் கால்வாசிதான் அசைக்கிறது. எங்கிருந்து எங்கே என்ற அட்டவணை பதிலை இரண்டரை மடங்குக்கு மேல் அசைக்கிறது. ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தின் பெரும் பகுதி அந்த அட்டவணைக்குத்தான் போக வேண்டும். சாலையோரத்தில் நின்று வாகனம் எண்ணினால் எத்தனை போகிறது என்பது தெரியும், எங்கே போகிறது என்பது தெரியாது. எண் பலகையை இரு முனைகளிலும் பதிந்து ஒப்பிடுவது, நிறுத்திக் கேட்பது, கைபேசித் தரவு, இவற்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும்.

அளவுகோல்

ஒப்புக்கொள்கிறேன், என் அட்டவணைதான் கணக்கின் பலவீனமான கால். ஆனால் உங்களுடையதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டு வடிவத்துக்கும் அதே 2,400-ஐ வைத்திருக்கிறீர்கள். குறுக்குச் சாலை மட்டும் இருந்தால் பக்கத்து ஊருக்கும் 56.6 கி.மீ. ஓட்ட வேண்டும், அப்போது 2,400 பேர் போக மாட்டார்கள். சாலை வடிவமே பயண எண்ணிக்கையை மாற்றும்.

உதாரணத்துக்கு: குறுக்கில் பக்கத்து ஜோடிக்கு 1,800, மூலைவிட்ட ஜோடிக்கு 1,400. வளையம் வந்தால் அவை முறையே 2,400, 1,000 ஆகின்றன. ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த 1,800 பேருக்கு 16.6 கி.மீ. முழு லாபம். புதிதாகச் சேரும் 600 பேருக்கு அதில் பாதியைத்தான் எழுத வேண்டும். அவர்களில் முதல் ஆள் சின்னக் குறைப்புக்கே கிளம்பியிருப்பார், கடைசி ஆள் முழுக் குறைப்பும் கிடைத்த பிறகே கிளம்புவார், சராசரி பாதி. இதைத்தான் பாதி விதி என்பார்கள். ஒரு பக்கத்து ஜோடிக்கு லாபம் 34,800. ஒரு மூலைவிட்ட ஜோடிக்கு நட்டம் அதே முறையில் 28,100. நான்கு லாபம், இரண்டு நட்டம். நிகரம் நாளைக்குச் சுமார் 83,000, வரம்பு 75 லட்சம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு இரண்டு. புதிய பயணங்களுக்கும் முழு லாபம் எழுதுவது ஒன்று. மொத்த வாகன-கி.மீ. கூடிவிட்டதே என்று அதையே நட்டமாகக் காட்டுவது இன்னொன்று.

ஜல்லிமேடு

இன்னொரு பெரிய செலவு விட்டுப்போய்விட்டது. வளையத்தில் மூலைவிட்டப் பயணம் ஒவ்வொன்றும் நடுவே ஒரு ஊரைக் கடந்தாக வேண்டும். ஊருக்குள் 5 கி.மீ. தூரத்தை 30 கி.மீ. வேகத்தில் கடந்தால் 10 நிமிடம். திறந்த சாலையில் 80-ல் போனால் மூன்றே முக்கால். இழப்பு 6.25 நிமிடம், அதாவது 80 வேகத்தில் 8.3 கி.மீ.க்குச் சமம். முதல் அட்டவணைப்படி மூலைவிட்டப் பயணம் 4,000. பெருக்கினால் 33,300. அளவுகோல் முதலில் காட்டிய 38,800 சேமிப்பில் ஏறத்தாழ எல்லாமே ஊர்களின் கடைவீதியில் கரைந்துபோகும்! கடைசி அட்டவணையில் 2,000 பயணம்தான் என்பதால் 16,700 போய் 66,000 சொச்சம் மிஞ்சும், வரம்பு 60 லட்சம்.

அப்படியானால் நான்கு ஊருக்கும் புறவழிச்சாலை போடலாம் என்பீர்கள். போடலாம், ஆனால் ஓரங்களில் கடை வாசலும் மனைப் பிரிவும் நேரடியாக ஏற முடியாதபடி அடைக்காவிட்டால் புறவழிச்சாலையே இன்னொரு கடைவீதியாகிவிடும். முதல் செலவிலேயே அணுகுச் சாலையும் வேலியும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் பிறகு வழக்குதான் நடக்கும்.

மதகு

சாலை அறுந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் தொடவில்லை. குறுக்கில் ஒரு கை மூடினால் அந்த ஊர் தனித்தீவு, நாளைக்கு 6,000 பயணம் நிற்கும். கவையில் நடு இணைப்பு போனால் வட்டாரமே இரண்டாகப் பிளந்து 8,000 நிற்கும். வளையத்தில் ஒரு பக்கம் போனால், அந்தப் பக்கத்து 2,000 பேர் 40-க்குப் பதில் 120 கி.மீ. சுற்றுவார்கள், தினம் 1,60,000 கூடுதல். மூலைவிட்டப் பயணங்களுக்குத் தூரத்தில் மாற்றமே இல்லை, மறுபக்கமாகப் போவார்கள். ஒருவரும் நிற்க மாட்டார்கள்.

நின்றுபோன ஒரு பயணத்தின் இழப்பு 100 கி.மீ. ஓட்டத்துக்குச் சமம் என்று அனுமானித்தால் குறுக்குக்கு நாளைக்கு 6 லட்சம். வளையம் நீளத்தில் 1.41 மடங்கு, மூடும் நாட்களும் அதே விகிதத்தில் கூடும், அதையும் சேர்த்தால் 2.26 லட்சம். வித்தியாசம் 3.7 லட்சம். ஆண்டுக்குப் பத்து நாள் மூடும் வெள்ளப் பகுதி என்றால் 37 லட்சம் வாகன-கி.மீ. முதல் கணக்கின் ஆண்டுச் சேமிப்பில் கால்வாசி இது. ஓரிரு நாள்தான் மூடும் என்றால் பொருட்படுத்த வேண்டாம்.

இது நிலைக்க ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு மாற்றுப் பாதைகளும் ஒரே தாழ்நிலத்தைக் கடந்தால், ஒரே மழையில் இரண்டும் சேர்ந்தே மூழ்கும். வரைபடத்தில் இரண்டு கோடு இருக்கும், தரையில் ஒன்றுதான். ஒவ்வொரு பக்கத்திலும் மிகத் தாழ்வான சிறுபாலத்தின் தளமட்டத்தையும் அது எந்த நீர்ப்பிடிப்பைச் சேர்ந்தது என்பதையும் அட்டவணை போடாமல் "மாற்றுப் பாதை உண்டு" என்று எழுதக் கூடாது.

எதிர்வழி

மதகு சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் அறுந்ததும் வளையம் ப வடிவமாகிவிடும். 4,000 சுமந்த மற்ற மூன்று பக்கங்களும் 6,000, 8,000, 6,000 என்று சுமக்கும். சாதாரண நாளிலேயே நிரம்பி வழியும் சாலை அன்று உதவாது.

நெரிசல் வளரும் விதம் இங்கே முக்கியம். 1964 முதல் புழக்கத்தில் உள்ள சூத்திரப்படி, ஓட்டத்தைக் கொள்ளளவால் வகுத்து நான்காம் அடுக்கு எடுத்து 0.15-ஆல் பெருக்கினால் வருவது கூடுதல் நேரத்தின் பங்கு. கொள்ளளவில் பாதி ஓட்டம் என்றால் கூடுதல் நேரம் ஒரு விழுக்காடுகூட இல்லை. முழுக் கொள்ளளவில் 15. ஒன்றரை மடங்கில் 76. பாதி நிரம்பிய வலையமைப்பில்தான் மாற்றுப் பாதை என்பதற்குப் பொருள் உண்டு.

சமதளம்

அப்படியானால் சுலபமான வழி ஒன்று தோன்றுகிறது. இருக்கும் சாலைகளுக்கு நடுவே ஒரு சின்ன இணைப்பு மட்டும் போட்டால்? குறைந்த செலவில் எல்லாருக்கும் ஒரு கூடுதல் வழி. இதில் நட்டம் வர வாய்ப்பே இல்லையே?

அளவுகோல்

வாய்ப்பு உண்டு. 1968-ல் டீட்ரிச் பிரேஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் காட்டிய முரண் இது.

ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இரண்டு வழி. ஒவ்வொன்றிலும் ஒரு குறுகல் துண்டு, ஒரு அகலத் துண்டு. முதல் வழியில் குறுகல் முன்னால், இரண்டாவதில் பின்னால். குறுகலைக் கடக்கும் நேரம், அதில் நுழையும் வாகன எண்ணிக்கையை 50-ஆல் வகுத்த நிமிடம். அகலத் துண்டு எப்போதும் 30 நிமிடம். வாகனம் 1,200. பாதிப் பாதியாகப் பிரிந்து, ஆளுக்கு 12 + 30 = 42 நிமிடம்.

இப்போது முதல் குறுகலின் முடிவையும் இரண்டாம் குறுகலின் தொடக்கத்தையும் இணைத்து ஒரு குறுக்கு வழி போடுங்கள், அதைக் கடக்க நேரமே ஆகாது என்று வையுங்கள். முதலில் புகுந்தவருக்கு 12 + 12 = 24 நிமிடம். அதைப் பார்த்து எல்லாரும் வருவார்கள். முடிவில் இரு குறுகலிலும் 1,200, ஆளுக்கு 24 + 24 = 48 நிமிடம். தனியாக யாராவது பழைய வழிக்குத் திரும்பினால் 54, எனவே ஒருவரும் திரும்ப மாட்டார்கள். காசு செலவழித்து எல்லாருக்கும் 6 நிமிடம் கூட்டியாயிற்று.

இதே இணைப்பு 1,000 வாகனத்துக்குக் கீழே இருக்கும்வரை நன்மைதான். சரியாக 1,000-ல் இரண்டும் 40 நிமிடம். அதற்கு மேல் கெடுதல். ஆகவே தொடக்க ஆண்டில் அருமையாக வேலை செய்து, போக்குவரத்து வளர வளரத் திரும்பிக் கடிக்கும். இணைப்பு போடும் பணத்தைக் குறுகலை அகலப்படுத்தப் போட்டிருந்தால் இது நேராது. எந்த இணைப்பையும் திறப்பு விழா ஆண்டின் ஓட்டத்தோடு, பதினைந்தாம் ஆண்டின் ஓட்டத்தையும் வைத்துச் சோதிக்க வேண்டும்.

ஜல்லிமேடு

சந்திப்பு பற்றிச் சுருக்கமாக. மேம்பாலம் இல்லாத நாற்சந்தியில் வாகனங்கள் மோதக்கூடிய புள்ளிகள் 32. முச்சந்தியில் 9. ஒற்றைத் தட ரவுண்டானா வைத்த நாற்சந்தியில் 8. குறுக்கில் ஒரு நாற்சந்தி, கவையில் இரண்டு முச்சந்தி, அதாவது 32-க்கு எதிராக 18. மேம்பாலத்துக்குப் பணமில்லாத கட்டத்தில் கவைக்கு இது நல்ல சாதகம்.

நிலத்திலும் ஒன்று இருக்கிறது. வயல் வரப்புகள் பக்கங்களுக்கு இணையாக ஓடும் ஊரில், மூலைவிட்டச் சாலை ஒவ்வொரு வயலையும் சாய்வாக வெட்டி இரு பக்கமும் முக்கோணத் துண்டுகளை விடும். உழவு இயந்திரம் திரும்ப முடியாத துண்டை உரிமையாளர் வைத்துக்கொள்ள மாட்டார். சாலைக்கு வேண்டிய அகலத்துக்கு மேல் நிலம் வாங்க நேரும். அடியில் ஆளும் மாடும் வண்டியும் கடக்கச் சுரங்கப் பாதைகளும் வேண்டும். குறுக்கின் 113 கி.மீ.யை மலிவு என்று எழுதும்போது இவை பெரும்பாலும் விட்டுப்போகின்றன.

எதிர்வழி

மிகைச்செலவையும் முன்கூட்டியே ஏற்றுங்கள். 2002-ல் வெளியான, 258 பெரிய போக்குவரத்துத் திட்டங்களை அலசிய ஆய்வில் சாலைகளின் சராசரி மிகைச்செலவு 20 விழுக்காடு, பாலமும் சுரங்கமும் 34. கணக்கில் எல்லாவற்றையும் 20 ஏற்றினால் வரம்பு 35 லட்சம் 29 ஆகும், 60 லட்சம் 50 ஆகும். மேம்பாலத்தை மட்டும் 34 ஏற்றினால் குறுக்குதான் கூடுதல் அடி வாங்கும்.

இன்னொன்று, வெற்று நிலத்தோடு ஒப்பிடாதீர்கள். நான்கு ஊருக்கு நடுவே ஏற்கெனவே ஏதோ ஒரு சாலை இருக்கும், பெரும்பாலும் பக்கங்களை ஒட்டித்தான். "ஒன்றும் செய்யாமல் விட்டால்" என்பதற்குப் பதில், "இருக்கும் சாலையைச் செப்பனிட்டு, வளைவை நேராக்கி, குறுகிய பாலத்தை அகலப்படுத்தினால்" என்ற குறைந்தபட்ச வேலையோடு ஒப்பிட வேண்டும். பாதித் திட்டங்களின் கவர்ச்சி அங்கேயே குறைந்துவிடும்.

சமதளம்

எல்லாவற்றையும் ஏற்றிய பிறகும் என் வட்டாரத்தில் வளையம் வரம்புக்குள் வருகிறது. ஆனால் 160 கி.மீ.க்கும் ஒரே நேரத்தில் பணம் இல்லை. எந்தப் பக்கத்தை முதலில் எடுப்பது?

மதகு

வளையத்தைத் துண்டு துண்டாகப் போடலாம், ஒவ்வொரு பக்கமும் முடிந்த அன்றே பயன் தரும். குறுக்கில் ஒரு கை மட்டும் போட்டால் நடு வெளியில் போய் முட்டி நிற்கும், குறைந்தது இரண்டு கை வேண்டும். அந்த அளவில் உங்கள் தேர்வு வசதியானது.

வரிசைக்கு: ஒவ்வொரு பக்கத்துக்கும் திறந்த முதல் ஆண்டின் பயனை அதன் கட்டுமானச் செலவால் வகுத்துப் பாருங்கள். தள்ளுபடி விகிதத்துக்கு மேல் வரும் பக்கத்தை இப்போது போடுங்கள், கீழே வருவதைத் தள்ளிப்போடுங்கள். 8 விழுக்காட்டில் கணக்கிடும்போது ஒரு பக்கத்துக்கு 6 வந்தால், பயன் ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்ந்தால், ஆறாவது ஆண்டு வாக்கில் அது 8-ஐத் தாண்டும். அதுவரை காத்திருப்பதே லாபம். நான்காவது பக்கத்துக்கு மட்டும் அதில் ஓடும் வாகனங்களின் பயனோடு கணக்கை நிறுத்தாதீர்கள். வளையம் மூடும் அன்றுதான் மாற்றுப் பாதை என்ற பயன் பிறக்கிறது, அது முழுவதும் அந்தக் கடைசிப் பக்கத்தின் கணக்கில் சேர வேண்டும்.

தள்ளிப்போட்ட பக்கத்திலும் நிலத்தை இப்போதே எடுங்கள். போடும் பக்கத்தில், மேல்தளம் இருவழியாக இருந்தாலும் சிறுபாலங்களை மட்டும் கடைசி அகலத்துக்கே கட்டிவிடுங்கள். தார்த்தளத்தை ஓரத்தில் ஒட்டி அகலப்படுத்தலாம். மேலே வண்டி ஓடிக்கொண்டிருக்க, அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, சிறுபாலத்தை நீட்டுவது வேறு வேலை. பழைய அடித்தளமும் புதிய அடித்தளமும் வேறு வேறு அளவில் அமரும், இணைப்பில் விரிசல் விட்டு மண் அரித்து, இரண்டாவது மழைக்காலத்தில் சாலை உள்வாங்கும்.